கதவில் இருந்த முத்திரையும் செபஸ்தியம்மாள் அக்காவும்

திங்கட்கிழமை காலையில் ஷெட்டில் ஒரு காரின் முன்சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்னவாசலிலிருந்து வந்த ஒருவர் வாசலில் நின்று, "செபஸ்தியம்மா எறந்துபோச்சுங்க" என்றார். "எந்தச் செபஸ்தியம்மா?" என்று கேட்டேன். "இங்க வண்டி கழுவுற செபஸ்தியம்மாதாங்க. நேத்து கெணத்தடியில தண்ணி எறைச்சுக்கிட்டு இருக்கையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." நான் சரி என்று சொல்லிவிட்டு, கழுவின சக்கரத்துக்கே மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை சாயங்காலம்தான் என் தலையில் ஒட்டியிருந்த சோப்பு நுரையைத் துடைத்துவிட்டு பஸ் ஏறினாள். அவளுக்கு நோவு நொடி என்று ஒன்றும் கிடையாது. இதை எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஷெட்டில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். எனக்கு நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. தெரிந்ததை எழுதுகிறேன்.

நானும் அக்காவும் வண்டி கழுவ வந்தபோது புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தது. ஆபீஸ் கார் ஒன்று, கரும்பச்சை நிறம். முன்கதவு இரண்டிலும் பித்தளையில் சமஸ்தான முத்திரை. அதற்குப் பாலீஷ் போட்டால் சுற்றியிருக்கிற பெயிண்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். டிரைவர் ராமையா அண்ணன் சத்தம் போடுவார். அக்கா ஒரு காலண்டர் அட்டையின் நடுவில் முத்திரை அளவுக்கு ஓட்டை வெட்டி, அதை மாட்டிக்கொண்டு துடைத்தாள்.

"என்ன, முத்திரைக்குச் சட்டை தச்சுட்டியா?" என்றார் அண்ணன்.

"சட்டை இல்லண்ணே. சோறு சிந்தாம இருக்க, புள்ளைக்குக் கழுத்துல கட்டுவோம்ல, அது."

அண்ணன் வெள்ளிக்கிழமை தோறும் அந்த முத்திரைகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அதனால் எங்களுக்கெல்லாம் அது சாமி மாதிரியே ஆகிவிட்டது.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. திருச்சியிலிருந்து புது ஆபீசர் வரப்போகிறார், அதற்குள் கார்க்கதவில் இருக்கிற முத்திரைகளை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. யாரும் கை வைக்கவில்லை. மெக்கானிக் கை வலி என்றார். அண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அக்கா, "ஸ்பேனரக் குடுங்க, நான் எடுக்கிறேன்" என்றாள்.

"ஒனக்கென்னம்மா, நீ வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. எங்க சாமி ஒன்னையக் கேக்காது" என்றார் மெக்கானிக்.

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க கை வலிக்குத் தைலம் போடுங்க."

கதவின் உள்பக்கம் நட்டைக் கழற்றிய பிறகும் முத்திரை அசையவில்லை. அத்தனை வருசத்துச் சந்தனமும் பாலீஷும் சந்தில் இறுகிக் கிடந்தன. அக்கா வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் ஒட்டி ஊறவிட்டாள். மூங்கில் குச்சியில் துணி சுற்றி ஓரமெல்லாம் சுரண்டினாள். அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்த நூலைப் பின்னால் கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து அறுத்தாள். பெயிண்டில் ஒரு கீறல் விழவில்லை. "ஏ பஞ்சவர்ணம், பொழுதுக்குள்ள எனக்கு ரெண்டும் ஆகாது. பயமா இருந்தா வேணாம், இல்லேன்னா அந்தக் கதவ நீ பாரு" என்றாள். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இடப்பக்கக் கதவின் முத்திரையை நான்தான் எடுத்தேன். அக்கா இரண்டு முத்திரைகளையும் துடைத்து, துவைத்த துணியில் சுற்றி அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

வந்த ஆபீசர் தூரத்திலேயே நின்று, "இன்னும் எடுக்கலையா?" என்று கேட்டார். முத்திரை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் அடர்பச்சையாக, அதே வடிவத்தில் தெரிந்தது. அக்கா, "எடுத்தாச்சுங்க. இது வெயில் பண்ணுன வேலை. வெயிலே சரி பண்ணிரும்" என்றாள். அவர் கிட்டே வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அந்த மழைக்காலத்தில் அக்காவின் மகள் ஆரோக்கியத்துக்கு விஷக்காய்ச்சல் வந்து, சாகப் பிழைக்கக் கிடந்தாள். முத்திரையைத் தொட்ட குற்றம் என்று ஊர் பேசியது. அக்கா, "புள்ள குடிச்சது கொளத்துத் தண்ணி. முத்திரையா மொண்டு ஊத்துச்சு?" என்றாள். பெண் பிழைத்தாள். அப்புறம் அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். அதற்கும் அதையே சொன்னார்கள். அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை.

இப்போது அக்காவைக் கிடத்தியிருந்த வீட்டிலேயே அந்தப் பேச்சு எழுந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. "அன்னைக்குத் தொட்டது, இன்னைக்குக் கொண்டுபோயிருச்சு" என்று ஒருத்தி சொன்னாள். ஆரோக்கியத்துக்கு இலுப்பூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். அடக்கம் முடிந்ததும், "கொஞ்ச நாள் போகட்டும், யோசிச்சுச் சொல்றோம்" என்று ஆரோக்கியத்திடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பன் இல்லை, ஆத்தாவும் இல்லை. அந்தப் பெண் அழக்கூடச் செய்யாமல் என்னைப் பார்த்தாள்.

மறுநாளே இலுப்பூருக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன்: "முத்திரை இருந்தது ரெண்டு கதவுலங்க. ஒண்ணு அக்கா எடுத்தது. இன்னொண்ணு நான் எடுத்தது. அக்கா வேதம். நான் அந்த முத்திரையவே சாமியாக் கும்புடுறவ, கேக்கிறதா இருந்தா மொதல்ல என்னையத்தானே கேக்கணும்? எனக்கு மூணு புள்ளைக, எம் வீட்டுக்காரர் காலையிலதான் கஞ்சி ஆறிப்போச்சுன்னு எங்கூடச் சண்டை போட்டுட்டு வயலுக்குப் போனாரு."

"இத ஏன் இத்தன நாளா யாரும் சொல்லல?"

"ஷெட்டுல எல்லாருக்கும் தெரியுங்க. நல்லா இருக்கிறவளப் பத்தி யாரு பேசுறா?"

அந்த அம்மா காபி போட எழுந்தார். அடுப்படியிலிருந்தே, "துக்கம் கழியட்டும். தை பொறந்ததும் கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்" என்றார். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்த பிறகுதான் அவர்களில் கல்யாணம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சாவு வீட்டில்கூட வரவில்லை.

அக்கா எனக்கென்று விட்டுப்போனது ஆரோக்கியத்தைத்தான். அவள் கல்யாணத்தன்று அம்மா நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிற்கச் சொல்லியிருக்கிறாள். பூசையில் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. "நான் கையப் புடிச்சு இழுக்கிறேன் சித்தி, நீங்க எந்திரிங்க" என்று சொல்லியிருக்கிறாள்.