வெட்டியெடுத்த ஒன்பதாம் இயல்

தமயந்திக்கு மூக்குநுனியில் கோபம் என்று கொடைக்கானலில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆடலூர் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவள் வயிற்றில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் தருமச் சோறு தின்று படித்து, அங்கேயே தமிழ் டீச்சர் ஆனவளுக்குக் கோபம் வராமல் கொஞ்சலா வரும்?

1958இல் மதராஸ் பதிப்பாளர் திருமலைச்சாமி, அமெரிக்க இலக்கிய வரலாறு ஒன்றைத் தமிழில் பெயர்க்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். அவள் பெயர்த்த விதமே தனி. சனிக்கிழமை பஸ்ஸும் ஜீப்புமாக மாறி ஆடலூர் போய்ச் சேருவாள். காப்பிப்பழம் பறிக்கும் காலத்தில் ஞாயிறும் வேலைநாள்தான். களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டையில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். நடுவில் உட்கார்ந்து, எழுதியதை உரக்க வாசிப்பாள். கண் மட்டும் அவர்கள் கையில் இருக்கும். விரல்கள் தடுமாறி நின்றால் வாக்கியம் புரியவில்லை என்று அர்த்தம். அங்கேயே அடித்துத் திருத்துவாள்.

புத்தகத்தில் ஆதியில் வந்த பாதிரிமார்களின் பிரசங்கங்களை அந்தப் பெண்கள் சட்டை செய்யவில்லை. இயற்கையோடு தனித்து வாழச் சொன்ன எழுத்தாளர்கள் வந்தபோது, தமயந்தியின் சின்னம்மா கருப்பம்மாள், அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது யார் என்று கேட்டாள். களமே சிரித்தது. உள்ளதை உள்ளபடி எழுதக் கிளம்பிய எதார்த்தவாதிகளைக் கொஞ்சம் மதித்தார்கள்.

ஒன்பதாம் இயல், அடிமைகளாக இருந்து தப்பியவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதியது பற்றி. எழுத்துப் படித்தால் சவுக்கடி என்ற இடத்தில் ஒளிந்து படித்து எழுதியவர்கள். பருத்திக் காட்டில் அவர்களை விரட்டி வேலை வாங்கியவனுக்குத் தமயந்தி கங்காணி என்றே பெயர் போட்டிருந்தாள். அதை வாசித்தபோது எல்லாக் கைகளும் நின்றன. புரியாமல் அல்ல. தோட்டத்துக் கங்காணி வந்து கத்திய பிறகும் ஒரு கொட்டை நகரவில்லை.

"இது அச்சுல வரணும் தாயி. எம்மக பள்ளிக்கூடம் போறாள்ல, அவ வாசிக்கட்டும்" என்றாள் கருப்பம்மாள். கட்டாயம் வரும் என்று தமயந்தி வாக்குக் கொடுத்தாள்.

மறு வருஷம் சீசனுக்குக் குடும்பத்தோடு வந்த திருமலைச்சாமி, அவளை ஏரிக்கரை ஓட்டலுக்கு வரச்சொல்லிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். நின்றபடியே புரட்டினாள். எட்டாம் இயலுக்குப் பிறகு, பத்தாம் இயல் ஒன்பதாகி உட்கார்ந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார் மனிதர்.

கேட்டதற்குக் குழைந்தார். தோட்ட முதலாளிகள்தான் தோட்டத்து நூலகங்களுக்கு வாங்கித் தருகிறார்களாம். கங்காணி, சவுக்கு என்றெல்லாம் படித்தால் கூலிக்காரர்கள் மனசு கெட்டுப்போகுமாம்.

"அவங்க எழுதக் கூடாதுன்னு அங்க சவுக்கால அடிச்சான். நீங்க கத்தரிக்கோலால அடிச்சிருக்கீங்க" என்றாள்.

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஆடலூர் போனாள். கருப்பம்மாள் புத்தகத்தைத் தடவிப் பார்த்து, அந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். தமயந்தி நடந்ததைச் சொன்னாள்.

"நீ என்ன செஞ்ச?"

"நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன் சின்னம்மா."

"கேட்டுட்டு, புஸ்தகத்தையும் வாங்கிட்டு வந்துட்டியாக்கும்."

புத்தகத்தை அவள் கையிலேயே திருப்பித் தந்தாள் கருப்பம்மாள். திருமலைச்சாமிமேல் இருந்த கோபமெல்லாம் தமயந்திக்குத் தன்மேலேயே திரும்பியது. மறுநாளே கொடைக்கானல் திரும்பி, திருமலைச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் புத்தகத்தைப் போட்டாள். விட்ட இயலைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றாள். அதற்கென்னம்மா, செய்துவிடலாம் என்று இட்லியைப் பிட்டார் அவர்.

1962இல் இரண்டாம் பதிப்பு வந்தது. தோட்டத்து நூலகங்கள் அத்தனையிலும் இருந்தது. ஒரு வரி மாறவில்லை. அத்தனையும் களத்தில் வாசித்துத் திருத்திய அவள் வரிகள்தான். ஒன்பதாம் இயல் இல்லை. பாவி மனிதன், அவள் பெயரை மட்டும் சொன்னபடி எடுத்திருந்தான்.