லூர்தம்மாள் சிறையில் இருந்தார்

நேற்றுக் காலை கம்போங் ராஜா ஊரிலிருந்து லூர்தம்மாளின் மகன் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா தவறிட்டாங்க, டீச்சர். அடக்கப் பூசையில வாசிக்க அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதித் தரணும். ஜெயில் விசயம் மட்டும் வேணாம்லா, சம்பந்தி வீட்டுக்காரங்க வருவாங்க." மகன் வருத்தப்பட்டாலும் சரி, அதைத்தான் எழுதுகிறேன். லூர்தம்மாளை அறிந்த நீங்கள் எல்லாரும் கேட்க வேண்டும்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் அரை மூட்டை அரிசி காணாமற்போனது. அன்று அங்கே வேலை செய்த ஐந்து பெண்களையும் தொழிற்சாலையின் இலை வாட்டும் மாடியில் அடைத்தார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகளான நானும் அவர்களில் ஒருத்தி. அரிசியை எடுத்தவர் லூர்தம்மாள். ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போயிருந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி வைக்க எடுத்தார். அதைப் பார்த்தவள் நான் மட்டுமே. நான் பார்த்தது அவருக்கும் தெரியும்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். பொய் சொல்வதில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. முதல் நாள், மூலையில் மலசலத்துக்கு வைத்திருந்த வாளியைப் பார்த்து மூக்கைப் பொத்தினேன்.

"என்னா கிராணி மவளே, ஒங்களுக்கு மட்டும் ரோசாப்பூ வாளி கேக்கட்டுமா?" என்றார் லூர்தம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவித்த மரவள்ளிக்கிழங்குதான் உணவு. சேலையிலிருந்து உருவிய நூலால் அதை அறுத்துப் பங்கிடுவார். அவர் போட்ட சட்டம் இது: அறுப்பவருக்குக் கடைசித் துண்டு; விசாரணைக்குப் போகிறவருக்கு முதல் துண்டு. சிறைக்குப் போனவர்கள் மானம் கெட்டவர்கள் என்பவர்களுக்குச் சொல்கிறேன்: வெளியே எந்தப் பந்தியிலும் நான் அந்த நேர்மையைக் கண்டதில்லை.

ஆறாம் நாள் என் முறை வந்தது. ஆளைக் காட்டினால் மற்ற நால்வரும் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தான் ஜப்பான்காரர்களின் மொழிபெயர்ப்பாளன். காட்டப்பட்டவருக்கு என்ன ஆகும் என்பதை அவன் சொல்ல வேண்டியதில்லை. லூர்தம்மாள் முதல் துண்டை என் கையில் வைத்தார்.

"நான் பொய் சொல்லமாட்டேன், லூர்து."

"சொல்லுங்கன்னு நான் கேட்டனா? சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்துல அடி வாங்குனா தல சுத்தும்."

"உனக்குப் பயமில்லையா?"

"பயந்தான். அதுக்காக ஒங்க துண்டச் சின்னதா அறுக்க முடியுமா?"

கீழே மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும், "யாரையும் பார்க்கவில்லை" என்றேன். அவர்கள் அறைந்ததில் என் இடது காது அன்றே கேட்காமல் போனது. பத்தாம் நாள் எங்கள் ஐந்து பேரையும் வெளியே விரட்டினார்கள்.

அந்தப் பொய்யை இன்றுவரை கோயிலில் எந்தக் குருவிடமும் பாவமென்று சொன்னதில்லை. லூர்தம்மாளின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தப் பொய் ஒன்றுதான். என் கடைசிப் பாவசங்கீர்த்தனத்திலும் அதைச் சொல்லப்போவதில்லை.