டெல்ஃபா கழுவாத தட்டு

பிள்ளைகளே, மூன்று கரடிகள் வீட்டுக்குள் ஒரு தங்கமுடிக்காரி புகுந்து கூழைக் குடித்துவிட்டுத் தூங்கிய கதையை உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கரடியும் இல்லை, காடும் இல்லை. மொன்டானாவில், பவுடர் ஆற்றுக்கு மேற்கே, பண்ணையின் கடைசி எல்லையில் இருந்த ஒரு மரக்குடிசையில் நாங்கள் மூன்று மாட்டுக்காரர்கள் இருந்தோம். ஐந்து மாதமாகச் சவரம் செய்யவில்லை, அவ்வளவுதான். பெரியவன் பர்ல். வாசலில் குனிந்துதான் வருவான். சின்னவன் டோபியாஸ். வயது நாற்பத்தைந்து, உயரம் மட்டும் நாலரை அடி. நடுவில் நான், ஆசா.

அந்தத் தங்கமுடிக்காரியின் பெயர் டெல்ஃபா ரக்கர்ட். இருபத்தேழு வயது. நெப்ராஸ்காவில் புருஷன் செத்ததும் கொழுந்தன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான். மிச்சமிருந்த ஒரு கோவேறு கழுதை மேல் ஏறி, தனியாக மொன்டானா வரை வந்துவிட்டாள். வசந்தத்தில் மாடுகளைத் திரட்டப் போகும் கூட்டத்துக்குச் சமையல்காரி வேலை கேட்கப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வேலை கிடைக்காவிட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

எங்கள் பக்கத்தில் எந்தக் குடிசைக்கும் பூட்டு இல்லை. ஆள் இல்லாவிட்டாலும் வழிப்போக்கன் உள்ளே போகலாம், சாப்பிடலாம், படுக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் தின்ற தட்டைக் கழுவி வைக்க வேண்டும். குதிரை திருடியவனையாவது தூக்கில் போட்டுவிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்வோம். தட்டைக் கழுவாதவனைப் பற்றிச் சொல்ல எங்களிடம் நல்ல வார்த்தையே இல்லை.

அன்று காலை டோபியாஸ் சோளக்கூழ் காய்ச்சி மூன்று கிண்ணத்தில் ஊற்றினான். வாய் வைக்க முடியாத சூடு. ஆறுவதற்குள் ஓடைப்பக்கம் மாடு பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் குதிரைக்குச் சேணம் போடப் போனார்கள். எனக்குப் பசி பொறுக்கவில்லை. முந்தின நாள் பீன்ஸை ஒரு தகரத் தட்டில் போட்டு, வெல்லப்பாகை ஊற்றி, நாலே வாயில் அமுக்கினேன். வெளியே பர்ல் கத்தினான். தட்டை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு கழுதை நின்றது.

"என் கூழை யாரோ ருசி பார்த்திருக்கான்," என்றான் பர்ல்.

"பார்த்தா பார்த்துட்டுப் போறான், விடு. என் கூழை முழுசா முடிச்சாச்சு. கிண்ணத்தைக் கழுவிக் கவுத்தும் வச்சிருக்கு. நல்ல வளர்ப்புப்பா," என்றான் டோபியாஸ். அவன் முக்காலி உடைந்து கிடந்தது. அதையும் அவன் பெரிதுபடுத்தவில்லை.

அப்போதுதான் பர்ல் என் தட்டைப் பார்த்தான்.

"இது என்னடா? தின்னுட்டுக் கழுவாம போட்டிருக்கு."

என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. பர்ல் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"ஒண்ணைக் கழுவிட்டு ஒண்ணை விட்டிருக்காங்க பாரு," என்றேன். "திமிரு."

டோபியாஸின் படுக்கையில் தூங்கிய டெல்ஃபா கண் விழித்தாள். மூன்று தாடிகளைப் பார்த்தாள். ஜன்னல் வழியே குதித்துக் கழுதை மேல் ஏறிப் போயே போய்விட்டாள். நியாயமாகப் பார்த்தால் நானும் ஓடியிருப்பேன்.

பர்ல் விடுவானா? அந்த வழியாக வந்த ஒவ்வொருவனிடமும் சொன்னான். நானும் கூடவே தலையாட்டினேன். வெட்கங்கெட்டவன் நான். இரண்டு வாரத்தில் அந்த ஆற்றோரம் முழுக்க, கழுதையில் வரும் தங்கமுடிக்காரியின் பெயர் நாறிவிட்டது.

மாடு திரட்டும் கூட்டம் சேர்ந்தது. எங்கள் மூவரையும் சேர்த்து நாற்பது ஆட்கள், மேஸ்திரி ஹாஸ்கெல். பழைய சமையல்காரன் கால் ஒடிந்து படுத்துவிட்டதால் எல்லோரும் கருகிய ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே டெல்ஃபா வந்து நின்றாள். கழுதை நொண்டியது. அவளும் பாதியாய் இளைத்திருந்தாள்.

"தட்டைக் கழுவாதவ நீதானே?" என்றார் ஹாஸ்கெல்.

"நான் குடிச்ச கிண்ணத்தைக் கழுவி வச்சேங்க. அந்தத் தட்டை நான் தொடவே இல்ல."

"பின்ன தட்டு தானாவா தின்னுச்சு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அவள் அழவில்லை. "பதினாறு நாளா ஒரு வீட்டுலயும் எனக்கு ஒரு வாய் காப்பி குடுக்கல," என்றாள். "ஏன்னும் சொல்லல. இப்பத்தான் தெரியுது." கழுதையைத் திருப்பினாள்.

நான் ஓரடி முன்னால் வந்தேன். "மேஸ்திரி, அது என் தட்டு," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

சிரிப்பு நின்றது. பர்ல் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "பாவிப் பயலே, ஊர் பூரா என் வாயாலயில்ல சொல்ல வச்சே," என்றான். டோபியாஸ் என்னை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்றான்.

ஹாஸ்கெல் டெல்ஃபாவிடம் மன்னிப்புக் கேட்டு, சமையல் வண்டியைக் காட்டினார். சாயங்காலத்துக்குள் சூடான ரொட்டியும் பன்றிக்கறி போட்ட பீன்ஸும் தயார். நான் வரிசையில் கடைசியில் நின்றேன். எல்லோருக்கும் போட்ட அளவே எனக்கும் போட்டாள். தின்று முடித்து, எல்லோரையும் போலத் தட்டைக் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன்.

"நீங்க ஏன் சிரமப்படுறீங்க," என்றாள், நாற்பது பேருக்கும் கேட்கும்படி. "அங்கயே வச்சுட்டுப் போங்க. நான் கழுவிக்கிறேன்."

கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது. ஐந்து மாதம் தினம் மூன்று வேளை என் தட்டை அவளே பிடுங்கிக் கழுவினாள். கெஞ்சிப் பார்த்தேன். விறகு வெட்டிப் போட்டேன், தண்ணீர் சுமந்தேன். "சரிங்க, நன்றிங்க" என்பாள். தட்டை மட்டும் விடமாட்டாள்.

அக்டோபரில் ஒரு மதியம் பனிமழை சாய்த்து அடித்தது. டெல்ஃபா இருமிக்கொண்டே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். தட்டைக் கொடுக்கப் போன என் மேல் ஈரத்துணி ஒன்று வந்து விழுந்தது.

"என்ன மரம் மாதிரி நிக்கிறே ஆசா," என்றாள். "கழுவு."

என் தட்டோடு நிறுத்தாமல் நாற்பது தட்டையும் கழுவினேன். நான் அழுதுகொண்டே கழுவினேன் என்று பர்ல் இன்னமும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். இந்தத் தடவை அவன் சொல்வது நிஜம்.