ஒரு வாய்த் தண்ணீருக்காக நின்ற கார்

மூன்று பேராகச் சேர்ந்து வரும் கார்களுக்கு நிழலில் நிறுத்த இடம் என்று சிம்பாங் பூலாயிலுள்ள எங்கள் தொழிற்சாலையில் அறிவித்ததும், நான்தான் முந்திக்கொண்டேன். புந்தோங்கிலிருந்து என் காரில் இரண்டு பேர். ஒருவர் என் பிரிவில் வேலை செய்யும் அண்ணன். இன்னொருத்தி பின்தெருவில் அம்மாவோடு இருப்பவள், என்னைவிடச் சற்று இளையவள்.

எனக்கு நேரம் என்றால் நேரம்தான். அவள் அம்மாவுக்கோ, மகள் காரில் ஏறிய பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வரும். "கொடைய விட்டுட்டுப் போறியே!" என்று ஒரு குரல் வரும். அதோடு முடியாது. புறப்பட்டவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் சகுனம் சரியில்லையாம். அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அண்ணன் பின் இருக்கையில் நிம்மதியாகத் தூங்குவார்.

ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதம். எச்சரிக்கைக் கடிதம் என் கைக்கு வந்த அன்று, "நாளையிலேர்ந்து நீ வேற வழி பாத்துக்கோலா" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

"வேற வழி ஏதுக்கா? கம்பெனி பஸ்ஸத்தான் நிப்பாட்டிட்டாங்களே. வேலையத்தான் விடணும்."

சுருக்கென்றது. எல்லாரும் கார்களில் சேர்ந்து போகத் தொடங்கியதால்தான், ஏற ஆளில்லாமல் அந்த பஸ் நின்றது. நிழலும் பெட்ரோல் மிச்சமும் வழியெல்லாம் அரட்டையும் எங்களுக்கு. கார் இல்லாத அவளோ என் கோபதாபத்தை நம்பி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகவே அவள் வாசலில் ஹாரன் அடித்தேன். "அம்மா, கூப்பிடுறதையெல்லாம் இப்பவே கூப்பிட்டுருங்க!" அதன்பிறகு நாங்கள் தாமதமானதே இல்லை.

ஆனாலும் என்னையே நம்பியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். இந்த வருடம் பழைய கார் ஒன்றும் வாங்கிவிட்டாள். இப்போது ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவள்.

போன திங்கட்கிழமை அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். "சாப்பாட்ட மறந்துட்டியே!" என்று என் கணவர் வாசலிலிருந்து கத்தினார். எட்டி டப்பாவை வாங்கிக்கொண்டு, "போலாம், போலாம், நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினேன்.

அவள் இஞ்சினை அணைத்தாள்.

"எறங்குங்கக்கா. உக்காந்து தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் இருக்கேன்லா."

மணியைப் பார்த்தேன். பத்து நிமிடம் முன்னதாகவே வந்திருந்தாள்.