மும்முறை அறிவுறுத்தினேன்

அறுபதுகளின் கடைசியில் வானொலி நிலையத்தில் எனக்கு வேலை. உழவர்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம், சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதிய பிறகு தொழிலாளர்களுக்கு அரை மணி. அந்த அரை மணியில் பேச வருகிறவர் வாயால் சொல்வதை நான் எழுத்தாக்குவேன். அவர் அதை மைக் முன்னால் படிப்பார். வந்தவர்களெல்லாம் சங்கத் தலைவர்களும் அதிகாரிகளும்தான். அழுக்குச் சட்டையோடு வேலை செய்கிற ஆள் என்று முதலில் வந்தவன் என் அண்ணன்.

அவன் துறைமுகத்தில், கப்பலின் மேல்தட்டில் நின்று, சரக்கு தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்குக் குரல் கொடுப்பவன். சரக்கை இறக்கு என்பதற்கு 'ஆரியா' என்று கத்துவார்கள். எந்தப் பாஷையோ, அங்கே எல்லாருக்கும் அதுதான். ஒரு நாள் ஒரு பக்கக் கயிறு நழுவிய பெட்டி மேலே போய்க்கொண்டிருந்தது. அண்ணன் மூன்று தடவை கத்தினான். வின்ச்சில் இருந்தவன் புது ஆள், அந்தச் சொல் தெரியாது. பெட்டி சரிந்து, கீழே நின்றிருந்த ஒருவர் மேல் விழுந்தது. அவர் அண்ணனின் தோஸ்து. ஆள் போய்விட்டார். அண்ணன் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றான், கத்தவே இல்லை என்று ராயபுரத்தில் எங்கள் தெரு பேசியது. செத்தவரின் மனைவி அண்ணன் முகத்தையே பார்ப்பதில்லை.

"ரேடியோவுல சொல்றேன்டா. அந்தம்மா காதுல உழட்டும்" என்றான் அண்ணன். "புச்சா வர்றவனுக்கு மொதல்ல அந்த வார்த்தைய சொல்லிக் குடுங்கன்னும் சொல்றேன்."

எழுதும்போது 'ஆரியா'வை அடித்துவிட்டு, அவன் பேச்சை முழுக்க ஏட்டுத் தமிழாக்கினேன். அப்போது மேடைக்கு மேடை ஆரியர், திராவிடர் என்று பேச்சு. ரேடியோவில் வேறு அர்த்தமாகிவிடும் என்று அவனிடம் சொன்னேன். பொய். அவன் வாயிலிருந்து 'கீது'ம் 'வந்துகினு'ம் வந்தால், நான் எந்தச் சந்துக்காரன் என்று நிலையத்துக்கே தெரிந்துவிடும். அதுதான் காரணம்.

"இன்னாடா இது, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி கீது?"

"ரேடியோன்னா இப்படித்தான்."

நம்பினான். எழுத்துக்கூட்டிப் படித்தான். பதிவு செய்துகொண்டார்கள்.

ஒலிபரப்பு அன்று பூங்கா ரேடியோவுக்கு அடியில் தெருவே நின்றது, அண்ணனும் நானும்கூட. 'உடனடியாகக் கீழிறக்குமாறு மும்முறை அறிவுறுத்தினேன்' என்றது அண்ணன் குரல்.

"யாரு மாமு இது, தாசில்தாரா?" என்று ஒருவன் கேட்டான். சிரிப்பு.

அந்த அம்மா சிரிக்கவில்லை. நேரே அண்ணனிடம் வந்தாள்.

"எம் புருசன் தலைக்கு மேல பொட்டி தொங்குது, நீ அறிவுறுத்திகினு நின்னியாண்ணா? வாயத் தொறந்து கத்துறதுக்கு இன்னா?"

"கத்தினேன்மா."

"அப்புடி சொல்லலியே ரேடியோவுல."

அண்ணன் என்னைப் பார்த்தான். எழுதினது இவன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ரேடியோவில் வேலை பார்க்கிறவன் என்று தெருவில் எனக்கிருந்த மரியாதை அப்போது பெரிதாக இருந்தது.

மறுநாள் நிகழ்ச்சி அதிகாரி கேட்டார். "உங்க அண்ணன் வராந்தால பேசிட்டிருந்ததைக் கேட்டேன். நல்லாப் பேசினாரே, அதை ஏன் அப்படியே எழுதலை?"

அந்த அம்மா பிறகு திருவொற்றியூருக்குக் குடிபோனாள். ரயிலில் கொஞ்ச தூரம்தான். 'அண்ணன் மூணு வாட்டி ஆரியான்னு கத்தினாம்மா.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் போகவில்லை.