யாரும் இல்லை என்று சொன்ன தாள்

ஓரத்தில் வரிசையாகத் துளையிட்ட பழைய கம்ப்யூட்டர் தாள் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மேலே ஒரு கட்டம், அதற்குள் இரண்டு இரத்த வகைகள். கீழே ஒரு சுழியம். அவ்வளவுதான். பழைய பேப்பரோடு சேர்த்துப் போட வீட்டில் ஒருமுறை எடுத்தார்கள். நான் போட்ட சத்தத்தில் இப்போது யாரும் அந்த இழுப்பறைப் பக்கமே போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய இரத்த தானச் சங்கத்துக்கு நான் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்தேன். அதை ஒற்றை ஆளாக நடத்தியவர் ஓர் அக்கா. இரத்தம் தருகிறவர்களை நீள நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருப்பார். பேருக்குப் பக்கத்திலேயே ‘எதிர்வீட்டு டீச்சருக்குப் போன் போடணும்’, ‘வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வருவார்’ என்றெல்லாம் குறிப்பு இருக்கும். நான் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, கட்டளை எதுவும் படிக்கத் தேவையில்லாத ஒரு திரை செய்தேன். கட்டங்கள் இருக்கும், வேண்டியதை எழுதிவிட்டுப் பொத்தானைத் தட்டினால் பெயர்கள் வந்து நிற்கும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “இனிமே நோட்டு எதுக்குக்கா? பீரோவுல வச்சுப் பூட்டுங்க,” என்றேன். அவரும் பூட்டினார்.

ஒரே ஒரு விதி இருந்தது. ஒரே வரியில் எழுதுவதெல்லாம் ஒரே ஆளுக்குப் பொருந்த வேண்டும். இதுவோ அதுவோ என்றால் இரண்டாவதை அடுத்த வரியில் எழுத வேண்டும். இதை நான் ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் டீ குடித்துக்கொண்டே. அக்கா தலையாட்டினார். புரியாமல் தலையாட்டுகிறவர்களை இன்று எனக்கு அடையாளம் தெரியும். அன்று தெரியவில்லை.

ஒரு மத்தியானம் களக்காட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்தார். பிரசவமான மனைவிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏ நெகட்டிவ் வேண்டும். ஓ நெகட்டிவ் இருந்தாலும் ஏற்றலாம் என்பது அக்காவுக்கு மனப்பாடம். ஆகவே இரண்டையும் எழுதினார், ஒரே வரியில். பலசரக்குக் கடைச் சீட்டில் உளுந்து, துவரை என்று ஒரே வரியில் எழுதினால் கடைக்காரர் இரண்டையும்தானே எடுத்து வைப்பார்! என் இயந்திரமோ இரண்டு வகை இரத்தமும் ஒன்றாக ஓடுகிற ஒரு மனிதனைத் தேடியது. அப்படி ஒருவன் இந்தப் பூமியில் பிறந்ததே இல்லை.

“யாருமில்லன்னுல்லா சொல்லுது, தம்பி,” என்றார் அக்கா. நான் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தேன். சுழியத்தைப் பார்த்தேன். அதற்கு மேலே அவர் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. “கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா,” என்றேன். பாவி, அப்படித்தான் சொன்னேன்.

“ஒருத்தர்கூடவா இல்ல, அண்ணாச்சி?” என்று அந்த மனிதர் என்னிடம் கேட்டார். பிறகு இரத்தம் வாங்கி வர மதுரைக்குக் கார் அனுப்பினார்கள். அது திரும்பி வருவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். குழந்தை பிழைத்தது.

நான்கு நாள் கழித்து, அன்றைக்கு அச்சாகி வந்த தாளைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் கவனித்தேன். இரண்டு வகையும் ஒரே வரியில் இருந்தன. அப்போது அக்கா எதிரில் வந்து நின்றார். “தம்பி, அன்னைக்கு நான் கேட்டது சரிதானே?” என்று பையக் கேட்டார். உண்மையைச் சொன்னால் மனுஷி உடைந்துபோவார் என்று நினைத்தேன். என் மானத்தையும் நினைத்தேன். எது முதலில் என்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை. “சரியாத்தான் கேட்டீங்க. நம்மகிட்ட ஆள் இல்ல,” என்றேன். சாயங்காலமே, எப்படி எழுதினாலும் பெயர் வரும்படி நிரலை மாற்றிவிட்டேன். அக்கா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

போன வருடம் அக்கா இறந்தார். துக்கம் கேட்கப் போனபோது அவருடைய தம்பி, பீரோவில் இருந்ததாக அந்த நீள நோட்டைக் கொடுத்தார். அதற்குள் இந்தத் தாள். கோப்பிலிருந்து எப்போது எடுத்தாரோ! திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் அக்காவின் கையெழுத்தில் மூன்று பெயர்கள், அந்த இரண்டு இரத்த வகைக்கும் நோட்டிலிருந்து எடுத்தவை. ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்து விசாரித்திருக்கிறார். முதல் பெயருக்கு நேரே, ‘அன்னைக்கு ஊர்ல இருந்திருக்கார்.’ இரண்டாவதற்கும் அதுவே. மூன்றாவதற்கு, ‘நம்ம பின் தெரு தையக்காரர். கடையிலதான் இருந்தேன், கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்னார்.’ கீழே தேதி. அவர் என்னிடம் கேட்டதற்கு முந்தின நாள். கோப்பில் சேர்த்த அன்று நான் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆக, கேட்கும்போதே அவருக்குத் தெரியும். நான் ஒத்துக்கொள்வேனா என்று பார்த்தாரா? இல்லை, ‘நாம ரெண்டு பேருமாத்தான்க்கா பண்ணிட்டோம்’ என்று என் வாயால் ஒரு வார்த்தை கேட்க வந்தாரா? அந்த ஒரு வார்த்தை கிடைக்காமல், இத்தனை வருடம் தனியாகச் சுமந்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் எப்படிக் கேட்டாலும் இயந்திரம் புரிந்துகொள்கிறது. நான் மட்டும் எந்த விடை வந்தாலும் முதலில் கேள்வியைத்தான் வாசிக்கிறேன். சில நாள் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுப்பேன். முன்பக்கத்தில் சுழியம் அப்படியே இருக்கிறது. திருப்பினால் மூன்று பேரும் ஊரில்தான் இருக்கிறார்கள்.