சுண்ணாம்பு அடித்த கருங்கல்

சித்தூரில் கல்லைப் பற்றிப் பாடம் நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். சுவர் கல், வேலி கல், துணி துவைப்பது கல், சண்டை வந்தால் கையில் எடுப்பதும் கல். பாறையில் வகை உண்டு என்று நான் சொன்னபோது ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுப் பெண்கள் சிரித்தார்கள். "கல்லு கல்லுதானே டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் அந்த மிஷன் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள், ஜூனில் கூப்பிடுவார்கள், கூப்பிடாமலும் போகலாம். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. அந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் காலியானது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் அதிகாரி என் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் அது எனக்குத்தான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். திருப்பதியில் என் நைனா, ஆர்டரே வந்துவிட்டது போலத் தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

படம் வரைந்து காட்டினால் போதாது என்று, ஆளுக்கு ஒரு கல் கொண்டு வரச் சொன்னேன். குப்பம் ஊரிலுள்ள மாமா வீட்டிலிருந்து ஒருத்தி கருங்கல் துண்டு கொண்டு வந்தாள். இன்னொருத்தி உரசினால் பொறி பறக்கும் வெங்கச்சாங்கல். காக்காப்பொன் மின்னும் கல் நாலைந்து. புது வீட்டுச் சமையல் மேடையில் மிச்சமான கடப்பாக்கல் ஒன்று. திருமலை நடைபாதையில் பொறுக்கிய கல்லை ஒருத்தியின் அம்மா மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் கொடுத்தனுப்பியிருந்தாள். சுத்தியல் படக்கூடாது என்று உத்தரவு வேறு.

அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு வகைக் கல் நுரைக்கும், கருங்கல் சும்மா கிடக்கும். அமில பாட்டில் தலைமையாசிரியையின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. இன்ஸ்பெக்‌ஷன் அன்றுதான் வெளியே வரும். அதுவரை எந்தக் கல் நுரைக்கும் என்று பெண்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடப்பாக்கல் நுரைக்கும் என்றால் ஒருத்தியும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கற்களைக் கழுவி, வாசல் வழியோரமாகக் காயப் பரப்பிவிட்டு, பஸ் பிடிக்கும் அவசரத்தில் திருப்பதிக்கு ஓடினேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் அத்தனை கல்லும் வெள்ளை வெளேர் என்று பளிச்சிட்டன. எங்கள் அட்டெண்டரின் கைங்கரியம். ஐம்பது வயது மனிதர், பள்ளிக்கூடத்தைத் தன் வீட்டைவிடச் சுத்தமாக வைத்திருப்பார். மேலதிகாரி வருகிறார் என்றால் வழியின் இரு பக்கமும் கல் வைத்துச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லா ஆபீஸிலும் உள்ள வழக்கம். அவரும் அடித்திருந்தார். திருமலைக் கல்லில் கழுவியும் போகாத மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்திருந்தது.

அதுவரை "அண்ணா, நீங்க" என்று பேசிய என் வாய், அன்று பெண்கள் முன்னாலேயே "நீ"க்கு இறங்கியது. "உனக்குக் கண்ணு இருக்குதா இல்லையா? இந்தக் கல்லுக்கு இருக்கிற அறிவுகூட உனக்கு இல்லையே!"

"வழியோரம் இருந்துச்சி டீச்சரம்மா. எப்பவும் அடிக்கிறதுதானேன்னு அடிச்சிட்டேன்" என்றார். வாளியில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

வேறு கல் பொறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஒவ்வொருத்தியும் தன் கல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். இரண்டு நாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தோம். அவரும் உட்கார்ந்து தேய்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வைக்குக் கல் பழையபடி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் அதிகாரி வந்தார்.

தெலுங்கர், கண்டிப்பானவர் என்று பெயர். பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் அமிலம் எடுத்துக் கடப்பாக்கல்லில் விட்டேன். நுரைத்தது. பெண்கள் "ஓ" என்றார்கள். அவர் பில்லரை வாங்கிக் கருங்கல்லில் தானே ஒரு சொட்டு விட்டார். அதுவும் நுரைத்தது. வெங்கச்சாங்கல்லும் நுரைத்தது, திருமலைக் கல்லும் நுரைத்தது. கண்ணுக்குத் தெரியாத குழியிலெல்லாம் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏமம்மா, கருங்கல்லும் சுன்னபு ராயியா?" என்றார், கருங்கல்லும் சுண்ணாம்புக் கல்லா என்று.  வேலை போயிற்று என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றிருந்த அட்டெண்டர் உள்ளே வந்தார். "சுன்னம் வேசிந்தி நேனு சார். டீச்சரம்மகாரிகி தெலீது" என்றார். சுண்ணாம்பு அடித்தது நான்தான், டீச்சருக்குத் தெரியாது என்று. யாரும் அவரைக் கேட்கவில்லை.

அதே நேரம் "கல்லு கல்லுதானே" என்றவள் சுத்தியலை எடுத்துக் கருங்கல்லை ஒரே போடு போட்டாள். உடைந்த முகத்தில் சொட்டு விட்டாள். கல் சும்மா கிடந்தது. "உள்ளே பாக்கணும் சார், மேலே பாத்தா ஏமாத்தும்" என்றாள். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார்.

என் வகுப்பைப் பற்றி நன்றாகவே எழுதினார். ஒரு மாதத்தில் ஆர்டர் வரும் என்றார் தலைமையாசிரியை. கூடவே, பாடக் கருவிகளைப் பாழாக்கிய அட்டெண்டரிடம் விளக்கம் கேட்கவும் என்றும் அதிகாரி எழுதியிருந்தார். அவருக்கு மெமோ போனது.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு அவர் என்னிடமே வந்தார். அவருக்குத் தன் பேரை எழுத மட்டும் தெரியும், படிக்கத் தெரியாது. "இதுல இன்னா எழுதிக்கீது டீச்சரம்மா? சஞ்சாயிஷி குடுக்கணுமாமே, நீங்களே எழுதிடுங்க." சஞ்சாயிஷி என்றால் ஆபீஸ் தெலுங்கில் விளக்கக் கடிதம். நான் வைததை அவர் நினைவில் வைத்திருந்த மாதிரியே தெரியவில்லை. 

"அன்னிக்கு வாய் தவறிப்போச்சு அண்ணா" என்றேன்.

"அட, அத விடுங்க. எழுதுங்க."

எழுதினேன். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் இப்படித்தான் அடிப்பது வழக்கம் என்று எழுதினேன். அவர் சொல்வதாகவே, டீச்சர்தான் எனக்குச் சொல்லாமல் கற்களை வழியோரம் பரப்பிவிட்டு ஊருக்குப் போனார், ஆகவே தவறு அவருடையது என்று ஒரு வரி சேர்த்தேன். வாசித்துக் காட்டியதும் பதறினார்.

"அந்த வரி வாணாம். உங்க ஆர்டரு இன்னும் கைக்கு வரல. எனக்கு மெமோ இன்னா புதுசா? எடுத்துடுங்க டீச்சரம்மா."

சரி என்று புதுத் தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன், அந்த வரியோடு. வாசிக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். "இப்பதான் சரியா இருக்குது" என்று தலையாட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். வழியில் யாரிடமாவது படிக்கக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து நானே கொண்டுபோய்த் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், மெமோவோடு சேர்த்து ஃபைலில் போட்டு மூடினார். அவர் என்ன செய்வாரோ என்று அந்த மாதம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஆர்டர் வந்தது. முதல் மைசூர்பாகு அட்டெண்டருக்குத்தான் கொடுத்தேன்.

"பாத்தீங்களா டீச்சரம்மா," என்றார் வாய் நிறையச் சந்தோஷத்தோடு, "அந்த வரிய எடுத்ததாலதான்."

"ஆமாண்ணா" என்றேன்.